பன்னிரண்டு வோல்ட் ஞானசிங்

மூன்றாவது மூடியையும் கழற்றி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது போன வாரமே செத்துப்போச்சு சார். நீங்க பொணத்த வெச்சிக்கினு ஊரச் சுத்திக்கினு கீறீங்க" என்றார் ஞானசிங். என் ஸ்கூட்டரின் பேட்டரி அவர் மடியில் இருந்தது. குழம்பு ஊசிப்போயிற்றா என்று பார்க்கிறவர்களைப் போல ஒவ்வொரு செல்லாக மூக்கை வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். சித்தூரில் மீட்டர் வைத்திருக்கிற கார் எலக்ட்ரிஷியன்கள் நாலைந்து பேர் உண்டு. ஞானசிங்கிடமும் ஒன்று இருக்கிறது. மூக்கு சொன்னதைச் சரிபார்க்க மட்டும் அதை வெளியே எடுப்பார்.

மூக்கு இவ்வளவு கூர்மையானதற்குக் காரணம் காது. பன்னிரண்டு வயதில் வந்த விஷ ஜுரம் போகிறபோது கேட்கும் சக்தி மொத்தத்தையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முதுகுக்குப் பின்னால் லாரியே வந்து நின்றாலும் தரை அதிர்ந்தால்தான் திரும்புவார். கடைக்குப் பின்கட்டில் வீடு. கடை பல்பின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கிறது. சாப்பாடு தயாரானால் அவர் மனைவி கிரேஸ் கூப்பிடுவதில்லை, அந்த சுவிட்சை இரண்டு முறை அணைத்துப் போடுவார். பல்பு கண் சிமிட்டும். அம்மாளுக்குக் கோபம் வந்த நாட்களில் ஏழெட்டு முறை சிமிட்டும். அப்போது ஞானசிங் கையில் இருப்பது எதுவானாலும் அப்படியே போட்டுவிட்டு எழுந்து போவார்.

கடைப் பலகையில் ‘சிங் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. பெங்களூர் ரோட்டில் போகிற பஞ்சாப் லாரி டிரைவர்கள் அதைப் பார்த்து, நம்மவர் ஒருவர் இந்தச் சீமையில் கடை போட்டிருக்கிறார் என்று நம்பி, வாய் நிறையத் தங்கள் மொழியோடு இறங்குவார்கள். எதிரே நிற்பது வழுக்கைத் தலையும் மழித்த முகமுமாக ஒரு தமிழ்க் கிறிஸ்தவர். அவரோ எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். காது கேட்காமல் ஆட்டுகிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு டிரைவர் தன் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் கொட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். ஞானசிங் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, டைனமோவுக்கு பிரஷ் மாற்றி அனுப்பினார். பிரஷ்ஷைத் தவிர அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த மனிதர் மனசு லேசாகிப் போனது நிஜம்.

உலகத்தில் உள்ளவர்களை ஞானசிங் இரண்டு ஜாதியாகப் பிரித்திருக்கிறார். ஒன்று ஆறு வோல்ட், இன்னொன்று பன்னிரண்டு. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் மொத்தமும் ஆறு. கிரேஸ் அம்மாள் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாதிரியாரின் பிரசங்கத்தை உதட்டிலிருந்தே படித்துவிட்டு வந்து, "எங்க ஐயரு தங்கமான மனுசன் சார். ஆனா பிரசங்கம் ஆறு வோல்ட்டு. வெளிச்சம் வாசப்படியத் தாண்டல" என்பார். பாட்டு என்றால் அவருக்கு உயிர். சபையார் எல்லோரும் முடித்த பிறகு அவர் மட்டும் கடைசி வரியைப் பாடிக்கொண்டிருப்பார். ஆர்மோனியக்காரர் அதுவரை கட்டையிலிருந்து விரலை எடுக்கமாட்டார். அந்த ஆர்மோனியக்காரரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நான் எந்த ஜாதி என்று ஒருநாள் கேட்டேன். நான் தந்தி ஆபீஸில் வேலை பார்க்கிறவன். தந்திக் கருவியின் கட்டுக்கடா சத்தத்தைக் கேட்டே எழுதிப் பழகியவன் என்ற கர்வம் கொஞ்சம் உண்டு. அவர் என் ஸ்கூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ரெண்டும் ஆறுதான் சார். மாத்திடலாம், கவலப்படாதீங்க" என்றார்.

பழைய வண்டிகளை ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றுவதில் அவரை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆளில்லை. "ஆறுன்னா கரண்ட்டு கூட்டமா ஓடணும் சார். வழியில துளி துரு இருந்தாக்கூட அங்கியே குந்திக்கும். பன்னெண்டுன்னா பாதிக் கூட்டம் போதும், தள்ளிக்கினு பூடும்" என்பது அவர் விளக்கம். டைனமோ, கட்-அவுட், காயில், பல்புகள் எல்லாவற்றையும் மாற்றுவார். பழைய ஒயர்களைத் தொடமாட்டார். ஆறு வோல்ட்டுக்காகப் போட்டவை சுண்டுவிரல் தடிமன் இருக்கும், பாதிக் கரண்ட்டுக்கு அது ராஜபாட்டை. ஸ்டார்ட்டரையும் விட்டுவைப்பார். "கெழவனுக்குக் கள்ளு ஊத்தினாப்புல துள்ளும். ரெண்டு செகண்டுக்கு மேல மெறிக்காதீங்க, அவ்ளோதான்."

இப்படித்தான் எழுபத்தாறாம் வருஷம் டாக்டர் லோயிஸ் அம்மாளின் வண்டி அவர் கைக்கு வந்தது. அம்மாள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ டாக்டர். வண்டி நாற்பத்தெட்டாம் வருஷத்து செவர்லே. முன்பிருந்த வெள்ளைக்கார டாக்டர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. வியாழக்கிழமை தோறும் அதில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு, கங்காதர நெல்லூர் தாண்டி கார்வேட்நகரம் வரைக்கும் பதினோரு கிராமங்களைப் பார்த்து வருவார். எல்லா ஊருக்குள்ளும் வண்டி போகப் பாதை கிடையாது, நடந்து போக நேரம் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஊருக்குப் பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடிப்பார். வேண்டியவர்கள் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். கால் மணி நேரம் நின்றும் ஒருவரும் வராவிட்டால், ஊர் சுகமாயிருக்கிறது என்று அடுத்த ஊருக்குப் புறப்படுவார். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான்.

அந்த வண்டிக்கு ஆறு வோல்ட் பல்பு இனி மெட்ராஸில்கூடக் கிடைக்காது என்ற நிலைமை வந்தது. இருந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டியிருந்தது. மழைக்கால விடியலில் கிளம்புவதென்றால் ஆஸ்பத்திரி வார்டு பாய்கள் நாலு பேர் தள்ளவேண்டும். ஞானசிங் நான்கு நாட்கள் அந்த வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தார். நான் மாலை வேளைகளில் போய்ப் பெட்டி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஆறு வோல்ட் ஹாரனுக்குப் பன்னிரண்டைக் கொடுத்தால் கருகிவிடும் என்பதால் அதைக் கழற்றித் தகர டப்பாவில் எறிந்துவிட்டு, ஜீப்புகளில் இருக்கிற மாதிரி ஒரு புது ஹாரன் பூட்டினார். அவருக்கு எல்லா ஹாரனும் ஒன்றுதான், விரல் நுனியில் ஒரு நடுக்கம். வண்டியை ஒப்படைத்த அன்று மாலை வெளிச்சம் கோயில் சுவர் வரைக்கும் போய் விழுந்தது. லோயிஸ் அம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

அடுத்து வந்த மூன்று வியாழக்கிழமைகளிலும் பதினோரு ஊர்களிலிருந்து ஒருவர்கூட ரோட்டுக்கு வரவில்லை.

நிலக்கடலை பிடுங்குகிற காலம், எல்லோரும் கொல்லையில் இருப்பார்கள், நோய் நொடி இல்லாத வருஷம் என்று டாக்டர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். நாலாவது வியாழக்கிழமை ஈச்சங்கண்டிகை பிரிவில் நின்றபோதுதான் அவருக்கு உறுத்தியது. அந்த ஊர் செங்கம்மாவுக்கு இது நிறைமாதம். கால் வீங்கியிருந்ததால் வாராவாரம் தவறாமல் வரச் சொல்லியிருந்தார். வண்டியைப் பூட்டிவிட்டு, வரப்பு மேல் நடந்து ஊருக்குள் போனார். செங்கம்மா ஏழு நாள் குழந்தையோடு படுத்திருந்தாள்.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை காலையில் அவளுக்கு வலி கண்டிருக்கிறது. டாக்டரம்மா வண்டி வரும் நாளாயிற்றே என்று காத்திருந்தார்கள். ஹாரன் கேட்டது. ஆனால் அது ஜீப் சத்தம். எமர்ஜென்சி நடந்த அந்த வருஷம் கிராமங்களுக்கு ஜீப் வந்தால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வருகிறது என்று அர்த்தம். ஆம்பளைகள் "பதண்டி, பதண்டி" என்று ஒருவரையொருவர் தெலுங்கில் விரட்டிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினார்கள். மாமியார் கதவைத் தாழ்போட்டு, வலியில் கத்துகிற மருமகளின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். இரண்டு பர்லாங் தூரத்தில் ரோட்டோரம் டாக்டர் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அமைதியாக இருக்கிறதே என்று கிளம்பிப் போய்விட்டார். மத்தியானத்துக்கு மேல் மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கார்வேட்நகரம் போய்ச் சேருமுன் பாதி வழியில் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் தப்பியது தெய்வச் செயல்.

வெள்ளிக்கிழமை காலையில் லோயிஸ் அம்மாள் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். அம்மாள் கோபிக்கவில்லை. ஞானசிங்குக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நிதானமாக, உதடு தெரியச் சொன்னார். அவர் கடைசிவரை பார்த்திருந்துவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றார். முதல் தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டிருந்தார். இருந்தாலும் அம்மாள் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"உங்க தப்பு இல்ல ஞானசிங். பன்னெண்டு வருஷமா அந்த ஹாரன அடிக்கிறவ நான். எனக்கே தோணலையே."

"கழட்டிக் கடாசினது என் கையிம்மா" என்றார் அவர். "அந்தக் கொழந்தைக்கி எதுனா ஆயிருந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

அந்த ஊர்களில் இந்த மாதம் இன்னும் இரண்டு பெண்களுக்கு நாள் நெருங்குகிறது என்றும், பதினோரு ஊருக்கும் நடந்து போனால் ஒரு நாளில் நாலு ஊரைத்தான் பார்க்க முடியும் என்றும் மட்டும் அம்மாள் சொன்னார். அடுத்த வியாழக்கிழமைக்குள் பழைய சத்தம் வேண்டும். அந்தச் சத்தத்தைத் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கேட்டிராத மனிதர்தான் அதைத் திரும்பக் கொண்டுவரவேண்டும்.

தகர டப்பாவைக் கவிழ்த்துப் பழைய ஹாரனைத் தேடி எடுத்தார். நல்லவேளை, பழைய இரும்புக்காரன் அந்த வாரம் வரவில்லை. ஆனால் உள்ளேயிருந்த பாயிண்ட்டைக் கழற்றி வேறு எதற்கோ போட்டிருந்தார், சத்தத்தை ஏற்றி இறக்குகிற திருகாணியும் தளர்ந்து கிடந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நீங்க தந்தி ஆபீசு. சத்தம் உங்க தொழிலு. எனக்குக் காதா இருங்க" என்றார்.

கரண்ட் ஸ்டவ் காயிலை வெட்டி நடுவில் கட்டி வோல்ட்டைக் குறைத்துப் பார்த்தார். சளி பிடித்த ஆடு மாதிரி இருந்தது. இல்லை என்று கையை ஆட்டினேன். காயில் நீளத்தைக் கூட்டினார், குறைத்தார். ஆட்டுக்குச் சளி அதிகமாயிற்றே தவிர குறையவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை பல்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது. அவர் எழவில்லை. செவர்லேயின் புதுப் பேட்டரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிரேஸ் அம்மாளே தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பேட்டரியின் தார் பூசிய முதுகில், ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கிற ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். மொத்தம் ஆறு செல். மூன்றாவது செல்லோடு நிறுத்தி அங்கே ஓர் ஒயரைக் கட்டினால் பன்னிரண்டுக்குள்ளேயே பழைய ஆறு கிடைத்துவிடும். இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் அகராதியில் அது பாவம். பாதி செல் காய்ந்து, பாதி செல் நிறைந்து, பேட்டரி கெட்டுப்போகும். ரேடியோவுக்காக அப்படிக் கட்டியிருந்த ஒரு லாரிக்காரரை, "ஒரு புள்ளைக்கிச் சோறு, இன்னொரு புள்ளைக்கிப் பட்டினியா?" என்று கேட்டுக் கடையை விட்டே அனுப்பியவர். இப்போது தானே டிரில்லை எடுத்து மூன்றாவது பட்டையில் துளை போட்டு, பித்தளை போல்ட்டை முடுக்கினார். "மாசா மாசம் நானே வந்து அந்த மூணு செல்லுக்கும் தனியா சார்ஜ் ஏத்திக்கறேன்" என்று பேட்டரியைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் சொன்னதாக எனக்குப் படவில்லை.

இப்போது ஹாரனுக்குச் சரியான ஆறு வோல்ட் போயிற்று. ஆனால் திருகாணியை எவ்வளவு முடுக்குவது? சத்தம் கட்டையாக இருக்கவேண்டும் என்றேன் நான். வண்டியை எடுத்துப்போக வந்திருந்த லோயிஸ் அம்மாள் இன்னும் கொஞ்சம் மேலே என்றார். நான் ஸ்கூட்டரில் போகும்போது இரண்டொரு தடவை கேட்டவன், அவர் எப்போதும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து கேட்டவர். என் காதுக் கர்வம் அன்றோடு ஒழிந்தது. எங்கள் இரண்டு பேர் உதடுகளையும் மாறி மாறிப் பார்த்த ஞானசிங், "தூரத்துல இருந்து கேட்டவங்கதான் சொல்லணும். வியாழக்கெழம நானும் வர்றேன்" என்று முடித்துவிட்டார்.

நான் லீவு போட்டுவிட்டுப் பின்சீட்டில் மருந்துப் பெட்டிகளோடு உட்கார்ந்துகொண்டேன். மற்ற ஊர்களைத் தாண்டி நேராக ஈச்சங்கண்டிகைக்குத்தான் முதலில் போகவேண்டும் என்று ஞானசிங் பிடிவாதமாக இருந்தார். பிரிவில் நின்றதும் இறங்கி பானெட்டைத் திறந்தார். ஸ்க்ரூ டிரைவரைத் திருகாணியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஊர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மூன்று முறை அடித்தது. திறந்திருந்த ஒரு கதவு சட்டென்று மூடிக்கொண்டது. ஞானசிங் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். கால் சுற்று திருப்பினார். மறுபடி மூன்று. ஊரில் அசைவே இல்லை. இன்னும் ஒரு கால் சுற்று. மூடின கதவு ஒருக்களித்துத் திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது, பார்த்துக்கொண்டே நின்றது. ஞானசிங் வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை. மயிரிழை அளவுக்கு, ஒரே ஒரு தடவை, திருகாணியைத் தொட்டார். கையைக் காட்டினார். அம்மாள் அழுத்தினார்.

அந்தக் கதவு விரியத் திறந்தது. பக்கத்துக் கதவு. அதற்கடுத்த கதவு. ஒரு பெண் தலையில் செருகின சீப்போடு ஓடி வந்தாள், இன்னொருத்தி முறத்தோடு. "அடியே, நம்ம எருமக்கன்னு கத்துதுடி! டாக்டரம்மா வந்துக்கினு கீறாங்கடி!" என்று செங்கம்மாவின் மாமியார் கூவிக்கொண்டே வரப்பில் வந்தார். ஹாரனுக்கு ஊரில் வைத்திருந்த பேர் அது என்று அப்போதுதான் தெரிந்தது. லோயிஸ் அம்மாள் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஹாரனும் கேட்காமல், கூவினதும் கேட்காமல் நின்ற ஞானசிங், வரப்பு நெடுக வருகிற பெண்களை ஒவ்வொருவராக எண்ணுகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்?

செங்கம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தாள். ஞானசிங் அவள் எதிரே போய், "தாயி, அன்னிக்கி அந்த ஹாரன மாத்தினது..." என்று ஆரம்பித்தார். அவளுக்கு அதெல்லாம் கேட்க நேரமில்லை. டாக்டர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சும்மா நிற்கிற ஆள் யாரென்று சுற்றிலும் பார்த்தாள்.

"நைனா, இத்தக் கொஞ்சம் புடி. நான் டாக்டரம்மாகிட்ட காலக் காட்டிக்கினு வந்துடறேன்" என்று குழந்தையை அவரிடமே நீட்டினாள்.

ஞானசிங் தன் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டு வரை கிரீஸும் கரியும். வேட்டியில் துடைத்துப் பார்த்தார், வேட்டிதான் கறுத்தது. பிறகு ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கவ்விக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் ஏற்றி, சுத்தமாயிருந்த இரண்டு முன்னங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, உள்ளங்கைகளைக் கீழே மடக்கிக்கொண்டு நீட்டினார்.